வழியும் வனப்பும்

வழி என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்ப்பது. சந்தைக்குச் செல்லும் வீதியிடத்தும், புகையிரத நிலையத்து நடைபாதையிடத்தும் நாம் இதற்கு மேல் யாதும் வேண்டுவதில்லை. ஆனால், கேளிக்கைப் பூங்கா ஒன்றினுள்ளே போடப்படும் வழிக்கு இரட்டைக் கடமை உண்டு. அது வந்தோரைக் கொண்டு சேர்க்கவும் வேண்டும். நடக்கும்பொழுதே அவர்தம் உள்ளத்தை மகிழ்விக்கவும் வேண்டும். இவ்விரு கடமைகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பன. வழி அகன்றால் சனத்திரள் தடையின்றிச் செல்லும்; ஆயின், அகன்ற வெளியிலே வெயிலும் வெறுமையுமே மிஞ்சும். வழி ஒடுங்கினால் நிழலும் நெருக்கமும், அடுத்த திருப்பத்தில் யாதுளதோ என்னும் ஆவலும் தோன்றும். ஆயின், ஆயிரம் பேர் ஒருங்கே வந்தால் அந்நெருக்கமே நெரிசலாக மாறும். இவ்விரண்டையும் இணக்குவது எங்ஙனம் என்பதை, பிற்காலக் கேளிக்கைப் பூங்காக்கள் பலவற்றுக்கு முன்மாதிரியாய் அமைந்த டிஸ்னிலாந்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, அனஹைம் என்னும் ஊரில், தோடை மரங்கள் நின்ற 160 ஏக்கர் நிலத்தைப் பெற்று வோல்ற் டிஸ்னி இப்பூங்காவை அமைத்தார். சித்திரங்களை உயிர்பெற்று ஆடச்செய்யும் திரைப்படங்களால் அவர் அதற்கு முன்னரே உலகறிந்தவர். 1954 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வேலை தொடங்கிற்று. 1955 ஆம் ஆண்டு யூலை 17 ஆந் தேதி திறப்புவிழா நடந்தது. அதற்கு முன்னர் டிஸ்னி பிற நாட்டுப் பூங்காக்கள் பலவற்றைச் சென்று பார்த்தார். டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகனில் 1843 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் ரிவோலிப் பூங்கா அவற்றுள் ஒன்று. மலர்ப்பாத்திகளும், மாலை விளக்குகளும், துப்புரவும் பொருந்திய அப்பூங்கா அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஏறி விளையாடும் பொறிகள் மட்டும் பூங்காவாகா. அவற்றுக்கு இடையே நடக்கும் நடையும் இன்பமாதல் வேண்டும் என்பதை அங்கே கண்கூடாகக் காணலாம்.

எனினும், திறப்புவிழா நாள் டிஸ்னிக்குக் கடுமையான பாடம் ஒன்றைக் கற்பித்தது. அழைப்புச் சீட்டுப் பெற்றவர்க்கு மட்டும் உரிய அந்நாளில், போலிச் சீட்டுகளுடன் வந்தோரும் உட்புகுந்தமையால், எதிர்பார்த்த அளவை விஞ்சிய கூட்டம் உள்ளே நிறைந்தது. வெயிலோ கொடியது. அண்மையிலே போடப்பட்ட தார் இளகி, பெண்களின் குதியுயர்ந்த பாதணிகள் அதிற் புதைந்தன. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்களும் போதாவாயின. கண்ணுக்கு எத்துணை அழகிய வழியாயினும், காலுக்கு உதவாவிடின் அது வழியன்று என்பது அன்று தெளிவாயிற்று. ஆயினும் பூங்காவின் அடிப்படைத் திட்டம் தவறானதன்று. அதனை இனி நோக்குவாம்.

பூங்காவைச் சுற்றி மண் அணை ஒன்று உயர்த்தப்பட்டு, அதன்மீது சிறு புகையிரதம் ஒன்று ஓடுகின்றது. வெளியுலகம் கண்ணிற் படாதவாறு மறைப்பது அவ்வணை. பொதுமக்கள் உட்செல்லும் தலைவாசல் ஒன்றே. அதனைக் கடந்து, அணையின் கீழுள்ள இரு குகைவழிகளில் ஒன்றினூடாகச் சென்றால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்கச் சிற்றூர் ஒன்றன் கடைத்தெரு எதிர்ப்படும். அதன் முடிவில் வட்டமான நடுவெளி ஒன்று உண்டு. வண்டிச் சில்லின் குடத்திலிருந்து ஆரைக்கால்கள் பிரிவதுபோல, அந்நடுவெளியிலிருந்து வீரச்செயல் நிலம், எல்லைப்புற நிலம், கற்பனை நிலம், நாளைய நிலம் என்னும் பகுதிகளுக்கு வழிகள் பிரிகின்றன. இதன் பயன் இரண்டு. காலையில் ஒரே வாசலால் வந்த கூட்டம் நடுவெளியை அடைந்ததும் பலவாகப் பிரிந்து மெலிகின்றது. வழி தவறியவரும் நடுவெளிக்கு மீண்டால் தாம் நிற்குமிடத்தை உணர்ந்து கொள்ளலாம். எத்திசையிற் செல்வதென்று அறியாது நடுவழியில் நிற்பவரே நெரிசலுக்கு வித்தாகின்றனர். ஆதலின், தெளிவான அமைப்பு என்பது அகலத்துக்கு ஒப்பான உதவியாகும்.

கூட்டத்தை இழுப்பதற்கு டிஸ்னி கையாண்ட உபாயம் நகைச்சுவையும் நுட்பமும் உடையது. நாயொன்றை அறைக்கு அறை அழைத்துச் செல்ல விரும்புவோர் சொசேஜ் துண்டொன்றைக் காட்டினால் போதும். அது தானே பின்தொடரும். அவ்வாறே ஒவ்வொரு வழியின் முடிவிலும் கண்ணைக் கவரும் உயர்ந்த பொருளொன்று நிற்றல் வேண்டும் என்று அவர் கருதினார். அத்தகைய பொருளுக்கு அவர் இட்ட பெயரும் அச்சொசேஜின் பேச்சுவழக்குப் பெயரே. கடைத்தெருவின் எதிரே நிற்கும் கோட்டை இவற்றுள் முதன்மையானது. அதன் உயரம் 77 அடியே. எனினும் கீழே பெரிய கற்களும், மேலே செல்லச் செல்லச் சிறிய கற்களும் இருப்பதுபோல் அமைத்தமையால் அது மேலும் உயர்ந்ததாகத் தோன்றும். கடைத்தெருக் கட்டிடங்களின் மேல்மாடிகளும் இவ்வாறே அளவிற் குறுக்கப்பட்டவை. ஏவலாளர் எவரும் "முன்னே செல்க" என்று கூவாமலே, கண் காலை அழைத்துச் செல்கின்றது. ஈண்டு அழகு வழிக்குப் பூட்டிய அணிகலன் அன்று, அதுவே வழிகாட்டி.

ஒடுங்கி வளைந்த தெருக்கள் மனத்துக்கு ஏன் இனிக்கின்றன என்னும் வினாவைக் கேளிக்கைப் பூங்காக்களுக்கு முன்பே நகரமைப்பு அறிஞர் எழுப்பினர். வியன்னா நகரத்துக் கட்டிடக் கலைஞர் காமில்லோ சிற்றே 1889 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், நூல் பிடித்தாற்போல் நேராகவும் அகலமாகவும் போடப்படும் புதிய தெருக்களைக் கண்டித்து, பழைய நகரங்களின் ஒழுங்கற்ற சதுக்கங்களையும் வளைந்த தெருக்களையும் போற்றினார். ஆங்கிலேயராகிய கோர்டன் கல்லன் 1961 ஆம் ஆண்டு நூலொன்றில், நடப்பவன் கண்ணுக்கு நகரம் அடுத்தடுத்து விரியும் தொடர்காட்சியாகத் தோன்றும் என விளக்கினார். நேரான தெரு தன்னிடமுள்ள யாவற்றையும் ஒரே நோக்கிற் காட்டிவிடும். வளைந்த தெரு சிறிது காட்டிச் சிறிது மறைக்கும். மற்றுமொரு நன்மையும் உண்டு. நேர்த்தெருவில் முன்னே செல்லும் ஆயிரந் தலைகளும் தெரியும். வளைந்த தெருவிலோ அடுத்த திருப்பம் வரையுள்ளவரே தெரிவர். கூட்டம் குறையாவிடினும் கூட்டத்தின் சுமை குறைகின்றது.

இனி, கணக்கின் பக்கம் வருவாம். அமெரிக்க எந்திரவியலாளர் ஜோன் புறூயின் 1971 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், நடப்போர்க்குக் கிடைக்கும் இடத்தை ஆறு தரங்களாக வகுத்தார். ஒருவர்க்கு 35 சதுர அடியும் அதற்கு மேலும் கிடைப்பின் அவர் தம் விருப்பப்படி நடக்கலாம்; அது முதற்றரம். 5 சதுர அடிக்கும் குறைந்தால் நடை தேங்கி ஊர்தலாகும், அது கடைத்தரம். கூட்டம் செறியச் செறிய ஒரு நிமிடத்திற் கடப்போர் தொகை முதலிற் கூடும். ஓர் எல்லையைத் தாண்டியபின் அது குறையும் என்பதை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். இருபது அடி அகலமான தெருவொன்றில், ஓரடி அகலத்துக்கு நிமிடத்திற்குப் பத்துப் பேர் வீதம் வசதியாகச் செல்வரெனக் கொள்வோம்; 200 பேர் கடக்கலாம். ஆனால், சுவரை உரசி எவரும் நடப்பதில்லை. இரு புறமும் ஒன்றரை அடி கழிய, எஞ்சுவது 17 அடி. இரு புறத்துக் கடைகளிலும் பொருள் நோக்கி நிற்போர்க்கு மும்மூன்று அடி சென்றால், எஞ்சுவது 11 அடி. கடப்போர் 110 பேர். தெருவை அழகாக்கிய அக்கடைச் சாளரங்களும் சுவரோரங்களும் சேர்ந்து அதன் அகலத்தில் ஏறக்குறையப் பாதியை உண்டுவிட்டன. இதனை மறந்து வரைபடத்திலுள்ள அகலத்தை மட்டும் நம்புபவன் ஏமாறுவான்.

இவ்வேமாற்றம் சிறு துன்பத்துடன் முடிவதாயின் இக்கட்டுரைக்குத் தேவையில்லை. 2022 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் தேதி இரவு, தென்கொரியாவின் தலைநகராகிய சியோலில், இத்தேவான் என்னும் பகுதியிலே விழாக் கொண்டாட வந்த இளைஞர் கூட்டம் ஒடுங்கிய சரிவான சந்தொன்றிற் சிக்கியது. மிக ஒடுங்கிய இடத்தில் அச்சந்தின் அகலம் 3.2 மீற்றர், அஃதாவது பத்தரை அடி. மேலிருந்து இறங்குவோரும் கீழிருந்து ஏறுவோரும் அங்கே எதிர்ப்பட்டனர். 159 பேர் உயிரிழந்தனர். அது பூங்காவன்று, நகரத் தெருவே. ஆயினும் விழா நாளில் மக்களை இழுத்தது அப்பகுதியின் சிறு சந்துகளும் கடைகளும் தந்த உல்லாசமே. நெரிசலில் முன்னே நிற்பவர் படும் துன்பம் பின்னே நிற்பவர்க்குத் தெரிவதில்லை. வளைவும் ஒடுக்கமும் தரும் மறைப்பு, அமைதியான வேளையில் வனப்பாகவும், நெரிசல் வேளையில் ஆபத்தாகவும் இருப்பதை நாம் உணர்தல் வேண்டும்.

அங்ஙனமாயின், ஒடுங்கிய வழிகளை முற்றாக ஒழித்துவிடல் வேண்டுமா? வேண்டியதில்லை. டிஸ்னிலாந்திலேயே இதற்கு விடையுண்டு. 1966 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், டிஸ்னி இறப்பதற்கு ஐந்து மாதத்துக்கு முன், நியூ ஓர்லியன்ஸ் சதுக்கம் என்னும் பகுதி திறக்கப்பட்டது. இரும்புப் பின்னல் பொருந்திய மேன்மாடங்களும், வளைந்த சிறு தெருக்களும், முற்றங்களும் உடைய இப்பகுதியைப் பூங்காவின் அழகுமிக்க மூலைகளுள் ஒன்றாகப் பலர் கருதுவர். ஆனால், அங்குள்ள செயற்கை ஆற்றின் கரையோரமாக அகன்ற வழியொன்று செல்வதை நாம் நோக்குதல் வேண்டும். அவசரமாய்ச் செல்வோர் அக்கரை வழியே போய்விடுவர். மெல்ல உலாவ விரும்புவோர் பின்னுள்ள சிறு தெருக்களிற் புகுவர். சிறு தெருவிற் செல்லவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. அதனாலேயே அது சிறு தெருவாய் நிலைத்திருக்க முடிகின்றது. வனப்புக்காக ஒடுக்கிய வழி, எவருக்கும் கட்டாய வழியாதல் கூடாது. கட்டாய வழி, வனப்புக்காக ஒடுக்கப்படுதல் கூடாது. எமது கருத்தில் இவ்விடயத்தின் சாரம் இதுவே.

இவ்விதியைக் கொண்டு நோக்கின், கடைத்தெருவின் குறை விளங்கும். வருவோர்க்கும் போவோர்க்கும் பெருவழி அது ஒன்றே. இரவில் வாணவேடிக்கை காண நடுவெளியில் நிற்பவரும், வீடு திரும்புவோரும் அங்கே எதிர்ப்படுவர். புளோரிடா மாநிலத்தில் 1971 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் தேதி திறக்கப்பட்ட இரண்டாவது பூங்காவில் வழிகள் முன்னதைவிட அகலமாகப் போடப்பட்டன. பணியாளர் தத்தம் பகுதிக்குச் செல்வதற்கு மக்கள் நடமாடும் தளத்தின் கீழே தனிவழிகளும் அமைக்கப்பட்டன. அவ்வாறிருந்தும் அதன் நடுவெளி போதாமையால், அதனை விரித்து, நிற்போர்க்கெனப் புற்றரைகளை ஒதுக்கும் வேலை 2015 ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. நிற்பவரையும் நடப்பவரையும் வேறு பிரித்தல் என்பது, வழியை அகட்டுவதிலும் சிறந்த பரிகாரமாதல் உண்டு.

2019 ஆம் ஆண்டு டிஸ்னிலாந்தில், விண்வெளிப் போர்க் கதையொன்றைக் கருவாகக் கொண்ட 14 ஏக்கர்ப் பகுதியொன்று மே 31 ஆந் தேதி திறக்கப்பட்டது. அதனை நாடி வரும் கூட்டத்தை எண்ணிப் பழைய வழிகள் பல முன்கூட்டியே அகட்டப்பட்டன. பூப்பாத்திகள் சில குறுக்கப்பட்டன. 31 அங்குலத்தின் மேல் அகலமோ, 52 அங்குலத்தின் மேல் நீளமோ உடைய குழந்தை வண்டிகள் அம்மாத முதல் நாளிலிருந்து தடைசெய்யப்பட்டன. புதிய பகுதிக்கும் ஒன்றன்று, மூன்று வாயில்கள் வைக்கப்பட்டன. அகட்டியது தவறென்று நாம் கூறோம். ஆயினும், பூப்பாத்தி ஒன்றை அகற்றும்பொழுது பூவை மட்டும் நாம் இழப்பதில்லை. அதன் ஓரச் சுவர் ஒரு முதியவர்க்கு இருக்கை. அதிலுள்ள மரம் ஒரு குழந்தைக்கு நிழல். களைத்தவர் அமர இடமின்றேல் நடுவழியிலே நிற்பர். அகட்டிய வழி மீண்டும் ஒடுங்கும். ஆதலின், ஓரிடத்தில் எடுத்த நிழலையும் இருக்கையையும் பிறிதோரிடத்தில் ஈடுசெய்தல் அழகுக்கு மட்டுமன்றி ஒழுக்கான நடைக்கும் உரிய தேவையாகும்.

எமது கல்லூரியிற் கற்றோருள் எந்திரவியலாளரும் கட்டிடக் கலைஞரும் உளர். இன்று கற்போருள்ளும் நாளை அத்தொழில்களை மேற்கொள்வோர் பலர் இருப்பர். பெரும் பூங்காக்களை அமைக்கும் வாய்ப்பு அவரெல்லார்க்கும் கிட்டாதாயினும், மக்கள் கூடும் இடமொன்றை வகுக்கும் பொறுப்பு என்றோ ஒருநாள் அவர்பால் வந்து சேரும். கல்லூரிக் களியாட்டவிழாவிற் கயிறு கட்டி வழி வகுக்கும் சாரண மாணவனுக்கும் அப்பொறுப்பு உண்டு. அவன் வழியை அளக்கும்பொழுது சுவருக்குச் சுவர் அளந்து நில்லாது, கடைமுன் நிற்போர்க்குப் போக எஞ்சும் அகலத்தை அளப்பானாக. உள்வருவோரும் வெளியேறுவோரும் முட்டிக்கொள்ளாதவாறு இரண்டாவது வழியொன்றைத் திறந்து வைப்பானாக. அதன்பின் தோரணமுங் கட்டுவானாக. அச்சமின்றி நடப்பவன் கண்ணுக்கே தோரணம் அழகாகத் தோன்றும்.