வருவதுரைத்தலா, வழிதிருப்பலா? எபிரேய மறைநூல்களில் தண்டனை எச்சரிக்கை

எபிரேய மறைநூல்களில் ‘நாவீ’ எனப்படுவோரைத் தமிழில் இரு சொற்களால் குறிக்கின்றோம். பழைய மொழிபெயர்ப்பு ‘தீர்க்கதரிசி’ என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘இறைவாக்கினர்’ என்றது. முன்னது நெடுந்தொலைவு காண்பவர் என்றும், பின்னது இறைவனின் சொல்லை எடுத்துரைப்பவர் என்றும் பொருள்படும். இவ்வேறுபாடு சிறிதன்று. முதற்சொல்லை மட்டும் மனத்திற்கொண்டு படிப்போர், அந்நூல்களில் வரும் தண்டனை எச்சரிக்கைகளை எதிர்காலக் கணிப்பாகக் கருதி, சொன்னது நடந்ததா என்று மட்டுமே வினவுவர். ஆயினும் அவ்வெச்சரிக்கைகளுட் பல, சொன்னது நடவாதிருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்லப்பட்டவை. அதனை அவற்றின் மொழிவழி நின்று காண்போம்.

பொ.ஆ.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட வட இஸ்ரயேல் செல்வச் செழிப்பில் திளைத்தது. தென்னாடாகிய யூதாவின் தெக்கோவா ஊரிலிருந்து ஆமோஸ் அங்குச் சென்றார். மந்தை மேய்ப்பதும் காட்டத்தி மரங்களைப் பேணுவதும் அவர் தொழில். அவர் பெயரால் அமைந்த நூல் தொடங்கும் முறை நோக்கத்தக்கது. தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாபு என அண்டை நாடுகளின் கொடுமைகளை அவர் ஒவ்வொன்றாகச் சாடுகின்றார். ஏழாவதாக யூதாவைச் சாடுகின்றார். அதுவரை மகிழ்ந்து தலையசைத்திருக்கக்கூடிய இஸ்ரயேலரை எட்டாவதாகச் சுட்டுகின்றார். பிறர்மீது வந்த தீர்ப்பை நீதியென்று ஏற்றவர், தம்மீது வருவதை எங்ஙனம் மறுப்பர்? குற்றச்சாட்டும் தெளிவானது. ஒரு சோடி காலணிக்காக ஏழையை விற்றனர். தானியம் அளக்கும் கலத்தைச் சிறிதாக்கி, பணத்தை நிறுக்கும் எடைக்கல்லைப் பெரிதாக்கினர். கள்ளத் தராசு பிடித்தனர். இங்குத் தண்டனை காரணமற்ற சினமாக வரவில்லை. வழக்குரைத்தபின் வரும் தீர்ப்பாகவே வருகின்றது.

இத்தீர்ப்பை நெஞ்சில் தைக்கச் செய்வது சொல்லாட்சி. ஆமோஸ் ஒரு கூடை கோடைக்கனியைக் காட்சியில் காண்கின்றார். எபிரேயத்தில் அது ‘கயித்ஸ்’. முடிவு என்பதற்குரிய சொல் ‘கேத்ஸ்’. கனியின் பெயரைச் சொல்லும்போதே அழிவின் பெயரும் காதில் விழுகின்றது. ஏசாயாவின் திராட்சைத் தோட்டப் பாடலிலும் இம்முறை உண்டு. ‘மிஷ்பாட்’ என்னும் நீதியை எதிர்பார்த்த இறைவன் ‘மிஸ்பாக்’ என்னும் இரத்தம் சிந்துதலைக் காண்கின்றார்; ‘செதாக்கா’ என்னும் நேர்மையை எதிர்பார்த்து ‘செஆக்கா’ என்னும் கூக்குரலைக் கேட்கின்றார். எபிரேய எழுத்துமுறையில் ஒவ்வோர் இணையிலும் ஓரெழுத்தே வேறுபடும். மொழிபெயர்ப்பில் பொருள் நிற்கின்றது. ஒலியின் அதிர்ச்சி மறைந்துவிடுகின்றது.

எச்சரிக்கையின் நோக்கத்தை யோனா நூல் வெளிப்படையாகவே காட்டுகின்றது. அசீரியரின் மாநகராகிய நினிவேயில் யோனா கூறும் செய்தி எபிரேயத்தில் ஐந்தே சொற்களால் ஆனது: 40 நாளில் நகர் கவிழ்க்கப்படும் என்பதே அதன் பொருள். அங்கு வரும் ‘ஹாஃபக்’ என்னும் வினையடி, சோதோம் நகரின் அழிவைக் குறிக்கவும் மனிதரின் உள்ளம் மாறுவதைக் குறிக்கவும் வழங்குவது. நினிவே மக்கள் நோன்பிருந்து தீய வழியை விட்டனர். நகர் கவிழவில்லை, மாறியது. யோனாவோ சினங்கொண்டார். தம் சொல் பொய்த்ததாக அவர் எண்ணிய இடத்தில்தான் அச்சொல் தன் பணியைச் செய்து முடித்தது.

எனினும் சிக்கல் ஒன்று எஞ்சுகின்றது. நிறைவேறாத வாக்கு இறைவனிடமிருந்து வந்ததன்று என்று இணைச்சட்ட நூல் அளவுகோல் வகுக்கின்றது. எரேமியாவின் வழக்கில் இச்சிக்கல் உயிர்ப்பிரச்சினையாயிற்று. யோயாக்கீம் ஆட்சியின் தொடக்கத்தில், எருசலேம் கோவில் அழியும் என்று உரைத்த எரேமியாவுக்கு மரண தண்டனை வேண்டும் எனக் குருக்கள் கோரினர். அப்போது நாட்டின் முதியோர் சிலர் எழுந்து, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் மீகாவும் இவ்வாறே எச்சரித்ததை நினைவூட்டினர். எசேக்கியா மன்னர் மீகாவைக் கொல்லவில்லை, இறைவனுக்கு அஞ்சினார், தீங்கு விலகியது. சொன்னது நடவாமையால் மீகாவைப் பொய்யர் என்று எவரும் கூறவில்லை. எரேமியா உயிர் தப்பினார். ஆனால் அதே செய்தியைக் கூறிய உரியா என்பவர் எகிப்துவரை துரத்திப் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்.

எருசலேம் பொ.ஆ.மு. 587 அல்லது 586இல் பாபிலோனியரிடம் வீழ்ந்தது. கேளாது விடப்பட்ட எச்சரிக்கைகள் அதன்பின் பயனற்றுப் போயிருக்கலாம். ஆயினும் அம்மக்கள் அவற்றைக் காத்தனர். ‘ஷூவ்’ என்னும் எபிரேயச் சொல் இதற்கு விளக்கம் தருகின்றது. தீய வழியினின்று மனந்திரும்புதலையும், விட்டுவந்த இடத்திற்குத் திரும்பிவருதலையும் அவ்வொரு சொல்லே குறிக்கும். நாடிழந்தோர்க்கு அவ்விரு பொருளும் வேண்டியிருந்தன. இப்பகுதிகளைப் பயிலும் மாணவர், சொன்னது நடந்ததா என்று வினவுமுன், யாரை எதனின்று திருப்ப இது சொல்லப்பட்டது என்று வினவுவாராயின், அந்நூல்களின் மொழி அவர்க்கு விளங்கத் தொடங்கும்.