கிட்னியை விற்கக் கூடாது, ‘பாசத்தால்’ கொடுக்கலாம்: சட்டத்தின் ஓட்டை எங்கே?

2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தின் பெயர் செய்திகளில் அடிபட்டது. விசைத்தறித் தொழிலாளர்களின் கடன் நெருக்கடியைப் பயன்படுத்தி, புரோக்கர்கள் அவர்களைக் கிட்னி விற்க வைத்ததாகப் புகார். அரசு விசாரணை நடத்தியது. இரண்டு தனியார் மருத்துவமனைகளின் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை உரிமம் ரத்தானது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது.

ஒரு சிம் கார்டு வாங்கவே ஆதாரும் கைரேகையும் கேட்கிற ஊரில், ஒரு மனுஷனின் கிட்னி எப்படிக் கை மாறும்? சினிமாவில் வருகிற மாதிரி பாழடைந்த கட்டடத்தில் மயக்க ஊசி போட்டு எடுக்கிறார்களா? அப்படியில்லை. மாற்று அறுவை சிகிச்சைக்கு ஆபரேஷன் தியேட்டர், டாக்டர்கள், ரத்தப் பொருத்தப் பரிசோதனை என்று ஒரு பெரிய ஏற்பாடே வேண்டும். உரிமம் உள்ள மருத்துவமனையில், முறையான காகிதங்களோடுதான் அது நடக்க முடியும். அந்தக் காகிதங்களில்தான் விஷயமே இருக்கிறது.

யார் யாருக்குக் கொடுக்கலாம்?

மனித உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைச் சட்டம் 1994-ல் வந்தது. அதற்கு முன் இந்தியாவில் கிட்னி விற்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லை. சென்னை வில்லிவாக்கத்தில் கிட்னி விற்றவர்கள் அவ்வளவு பேர் இருந்ததால், ‘கிட்னிவாக்கம்’ என்றே அதற்குப் பட்டப்பெயர் விழுந்தது.

பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி ஆகியோர் சட்டப்படி நெருங்கிய உறவினர்கள். 2011-ல் வந்த திருத்தம் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தியையும் இதில் சேர்த்தது. இவர்களுக்குள் கொடுப்பதில் பெரிய சிக்கல் இல்லை. (வீட்டுக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியாவில் உயிரோடு இருக்கும்போது உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள், பெறுபவர்களில் பெரும்பான்மையினர் ஆண்கள். இதைத் தனியாகவே எழுத வேண்டும்.)

இந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவரும் கொடுக்கலாம். அதற்கான காரணம் ‘அன்பு, பற்று அல்லது சிறப்புக் காரணமாக’ இருக்க வேண்டும். அதை ஓர் அங்கீகாரக் குழு விசாரித்து ஒப்புதல் தர வேண்டும்.

இந்த ஏற்பாடு தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. உயிர் நண்பனுக்கோ அத்தை மகனுக்கோ கொடுக்க நினைப்பவரை எதற்குத் தடுக்கணும்? ஆனால் புரோக்கர் நுழைவதும் இதே வாசல் வழியாகத்தான்.

குழு என்ன பார்க்கிறது? 2014 விதிகளின்படி, இருவரும் சேர்ந்து எடுத்த பழைய போட்டோக்களைக் கேட்கலாம். இருவருடைய வருமானத்துக்கும் ஆதாரம் வேண்டும். அதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தால், காசு கை மாறுகிறதா என்று ஆராய வேண்டும். நடுவில் புரோக்கர் யாரும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். நேர்காணலை வீடியோ எடுக்க வேண்டும்.

காகிதத்தில் இது பலமான வேலிதான். ஆனால் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். முகவரியையும் வருமானச் சான்றையும் ‘ஏற்பாடு’ செய்யலாம். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பாடம் நடத்தலாம். கொடுக்கிறவர், வாங்குகிறவர், ஆபரேஷன் செய்கிற மருத்துவமனை என்று எதிரே இருக்கிற எல்லோரும் ‘சரி’ வாங்கவே வந்திருக்கும்போது, குழு மட்டும் தனியாக ‘இல்லை’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

2004 சுனாமிக்குப் பிறகு வடசென்னை எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்களின் பெண்கள் கிட்னி விற்ற விவகாரம் 2007-ல் வெளியானபோதும், இந்தச் சட்டமும் குழுக்களும் அமலில்தான் இருந்தன.

‘காசு கொடுத்தே வாங்கட்டுமே, என்ன தப்பு?’

சமூக வலைதளங்களில் இந்தக் கேள்வி நிறைய வருது. ஒருத்தருக்கு உயிர், இன்னொருத்தருக்குப் பணம், இருவருக்கும் லாபம்தானே என்ற வாதம். ஈரானில் அரசு மேற்பார்வையிலேயே பணம் கொடுத்துக் கிட்னி பெறும் முறை இருக்கிறது என்றும் சுட்டிக்காட்டுவார்கள். ஆனால் அங்கேயும் கொடுக்க வருபவர்களில் பெரும்பாலோர் ஏழைகள்தான்.

விற்றவரின் கதி என்ன ஆச்சு என்பதற்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைச் சந்தித்து நடத்திய ஓர் ஆய்வு, 2002-ல் ‘ஜாமா’ என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. அவர்களில் 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. ஆனால் ஆய்வு நடந்தபோதும் நான்கில் மூன்று பேர் கடனில்தான் இருந்தார்கள். விற்ற பிறகு அவர்களின் சராசரி குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பேசிய தொகை பலருக்கு முழுசாக் கைக்கு வரவில்லை. ‘இன்னொருத்தருக்கு இதைச் செய்யச் சொல்வீர்களா?’ என்று கேட்டதற்கு 79 சதவீதம் பேர் ‘மாட்டோம்’ என்றார்கள்.

ஒரு கிட்னியோடு ஆரோக்கியமாக வாழலாம் என்று டாக்டர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அது தொடர்ந்து செக்கப் போகிற, ரத்த அழுத்தத்தைக் கவனிக்கிற, ஆபரேஷனுக்குப் பிறகு போதிய ஓய்வெடுக்க முடிகிற ஆளுக்குப் பொருந்தும். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவருக்கு ஒரு மாசம் லீவு என்றால், ஒரு மாசம் சாப்பாடு இல்லை என்று அர்த்தம்.

அப்போ மாற்று வழி?

மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறுவது. 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போனதைத் தமிழ்நாடே பேசியது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழக அரசின் உறுப்பு தானத் திட்டம் தொடங்கியது. இன்று அதை நடத்துவது ‘டிரான்ஸ்டான்’ எனப்படும் உறுப்பு மாற்று ஆணையம்.

மூளைச்சாவை நான்கு டாக்டர்கள் உறுதிசெய்ய வேண்டும். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதிக்க வேண்டும். மாற்று அறுவை சிகிச்சை செய்யும் குழுவில் இருப்பவர் இதில் கலந்துகொள்ளக் கூடாது. கோமா வேறு, இது வேறு. கோமாவிலிருந்து மீண்டவர்கள் உண்டு. மூளைச்சாவு என்பது சட்டப்படி மரணம்.

இங்கே புரோக்கருக்கு வேலை குறைவு. தானம் தரும் குடும்பம் ‘இன்னாருக்கு’ என்று கைகாட்ட முடியாது. காத்திருப்போர் பட்டியல்தான் தீர்மானிக்கும். அதனால் இந்த ஏற்பாடு நிற்பதே நம்பிக்கையின் மேல்தான். 2018-ல் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை, சிகிச்சைச் செலவைக் காட்டி நெருக்கி, மூளைச்சாவு அடைந்த பாலக்காட்டு இளைஞரின் உறுப்புகளை எடுத்ததாகப் புகார் எழுந்தது. கேரள முதல்வர் பினராயி விஜயன் தமிழக முதல்வருக்குக் கடிதமே எழுதினார். வெளிநாட்டு நோயாளிகளுக்கு இதயங்கள் போவது குறித்தும் அப்போது சர்ச்சை வெடித்தது. இப்படி ஒரு செய்தி வந்தால், அடுத்த ஐசியு வாசலில் நிற்கும் குடும்பம் தயங்கத்தானே செய்யும்?

தானம் செய்வோரின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். 2024-ல் தமிழ்நாட்டில் 268 பேரின் குடும்பங்கள் சம்மதித்தன. நாட்டிலேயே முன்னணி எண்ணிக்கை இது. ஆனாலும் ஆளுக்கு இரண்டு என்று வைத்தாலும் 536 கிட்னிகள்தான். காத்திருப்பவர்களோ ஆயிரக்கணக்கில். வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு கிடப்பவரின் அவசரமும், கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும் ஒருவரின் அவசரமும் சந்திக்கிற இடத்தில் புரோக்கர் காத்திருக்கிறார்.

சிக்கினால் யாருக்குத் தண்டனை?

5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். புரோக்கருக்கு மட்டும்னு நினைக்காதீங்க. காசு கொடுத்தவர், வாங்கியவர் இருவரையும் சட்டம் ஒரே தட்டில்தான் வைக்கிறது. பேசிய பணத்தில் பாதிகூட வராமல் ஏமாந்த ஒரு தறித் தொழிலாளி போலீசுக்குப் போனால், முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது தன்னுடைய குற்றத்தை. புகார்கள் ஏன் இவ்வளவு தாமதமாக, யாரோ ஒருவர் வாய் திறந்த பிறகே வருகின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடனுக்காக விற்றவரைக் குற்றவாளியாக நடத்தாமல் பாதிக்கப்பட்டவராக, சாட்சியாக நடத்தும்படி சட்டத்தைத் திருத்தினால், புரோக்கரை அடையாளம் காட்ட அவர் தைரியமாக முன்வரலாம்.