புண்ணாக்குக்குப் பதில் யூரியாவா?

ஆபீஸில் யாராவது உங்களைப் 'புண்ணாக்கு' என்று திட்டினால் இனிமேல் கோபித்துக்கொள்ளாதீர்கள். கடலைப் புண்ணாக்கில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் புரதம்! 'வைக்கோல்' என்று திட்டினால் மட்டும் தாராளமாகச் சண்டைக்குப் போகலாம். அதில் வெறும் மூணு, நாலு பங்குதான்.

வடசென்னையில் மாடு வைத்திருப்பவர்களுக்குத் தீராத தலைவலியே இந்தப் புரதம்தான். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் சந்துகளில் பசும்புல்லுக்கு எங்கே போவது? துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவிலா முளைக்கும்? வைக்கோல், தவிடு, கழுநீர், மிச்சம் மீதி சோறு... வயிறு ரொம்பும், செம்பு ரொம்பாது. புண்ணாக்கு வாங்கலாம் என்றால் விலை கடிக்கிறது.

காலடிப்பேட்டையில் எனக்குப் பால் ஊற்றுகிற பெரியவர் ஒருநாள் கேட்டார்: "இன்னா சார், மணலி பேக்டரில யூரியா பண்றாங்களே, அத மாட்டுக்குப் போட்டா பால் எகிறுமாமே, மெய்யா?"

மணலியில் மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் 1971-லிருந்து உரம் தயாரிக்கிறது. பயிருக்குப் போடுவதை மாட்டுக்கா? சிரிப்புதான் வந்தது. விசாரித்துப் பார்த்தால்... பாதி மெய்!

மாட்டின் வயிற்றில் நாலு அறை. முதல் பெரிய அறைக்கு ரூமன் என்று பெயர். அதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. யூரியா உள்ளே போனதும் அது அம்மோனியாவாக உடைகிறது. நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவைப் பிடித்துத் தங்கள் உடம்பில் புரதமாக்கிக் கொள்கின்றன. அவை கொழுத்துப் பெருகி அடுத்த அறைகளுக்குத் தள்ளப்படும்போது, மாடு அவற்றையே செரித்துவிடுகிறது. குடி வைத்துக் கடைசியில் குடித்தனக்காரரையே விழுங்கும் ஹவுஸ் ஓனர்! இந்த சாமர்த்தியம் உங்களுக்கும் எனக்கும் கிடையாது. கோழி, பன்றிக்கும் கிடையாது.

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதக் கணக்குப் போட்டால், 100 கிலோ யூரியா 287 கிலோ புரதத்துக்குச் சமம். அடேங்கப்பா! 1945-ல் நோபல் பரிசு வாங்கிய ஃபின்லாந்து விஞ்ஞானி விர்டானென், 1960-களில் புரதமே இல்லாத தீவனத்தோடு யூரியாவும் அம்மோனியம் உப்பும் மட்டும் கொடுத்து, ஒரு பசுவிடம் வருஷத்துக்கு 4000 கிலோவுக்கு மேல் பால் கறந்து காட்டினார்.

இதைச் சொன்னதும் பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஒரு கைப்பிடி போட்ருவோம்!" என்றார். நான் அலறிவிட்டேன். மீதிப் பாதி இங்கேதான் இருக்கிறது.

யூரியா உடைகிற வேகத்துக்கு நுண்ணுயிர்களால் ஈடு கொடுக்க முடியாது. கூடவே மாவுச்சத்தோ, சர்க்கரைப் பாகோ இருந்தால்தான் அவற்றுக்குத் தெம்பு. இல்லையென்றால் அம்மோனியா நேரே ரத்தத்தில் ஏறும். எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கி, வயிறு உப்பி, மூச்சுத் திணறி, சில மணி நேரத்தில் மாடு காலி! அம்மோனியா என்றால் என்னவென்று எண்ணூர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு, கடலடிக் குழாயிலிருந்து அது கசிந்தபோது பெரியகுப்பம் ஜனங்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் தெருவுக்கு ஓடி வந்தார்களே... அதே சரக்குதான்.

அதனால் கலப்புத் தீவனத்தில் யூரியா நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் கூடாது. அதையும் ஒரேயடியாகப் போடாமல், ரெண்டு மூணு வாரத்தில் மெதுவாகப் பழக்க வேண்டும். ஆறு மாசத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடவே கூடாது. பட்டினி கிடந்த மாட்டுக்கும் கூடாது. தொட்டித் தண்ணீரில் கரைத்து வைப்பது கொலைக்குச் சமம். விபரீதமாகிவிட்டால் வினிகரையும் குளிர்ந்த தண்ணீரையும் லிட்டர் கணக்கில் உள்ளே செலுத்துவார்கள். நீங்களாக வாயில் ஊற்றி மூச்சுக்குழாயில் இறக்கிவிடாமல், டாக்டரைக் கூப்பிடுங்கள். இருக்கவே இருக்கிறது, 1903-ல் ஆரம்பித்த வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி.

சாதுவான வழியும் உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 50 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைக்கிறார்கள். வைக்கோலின் புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பிரித்து ஆறவிட்டு, அம்மோனியா வாடை போனபிறகு போட வேண்டும். இன்னொன்று, யூரியாவும் வெல்லப்பாகும் தாது உப்பும் சேர்த்து இறுக்கிய கட்டி. மாடு நக்கி நக்கித் தின்பதால் அளவு மீறாது. நம் ஆபீஸில் அடிக்கிற நக்கல் போல இதில் ஆபத்தில்லை!

ஆனால் விவசாயிக்கு மானியத்தில் வரும் மூட்டையை சில தீவன வியாபாரிகள் மடக்கிவிடுவது அக்கிரமம். 1985-ன் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அது குற்றமும்கூட. 2015-லிருந்து மானிய யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. திருட்டைத் தடுக்கவும்தான்!

"மாடு தின்ற யூரியா என் காபியில் வருமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எந்தப் பாலிலும் இயற்கையாகவே கொஞ்சம் யூரியா உண்டு. 100 மில்லியில் 70 மில்லிகிராம் வரை சட்டம் அனுமதிக்கிறது. பயப்பட வேண்டியது, தண்ணீர் ஊற்றியதை மறைக்கப் பாலிலேயே யூரியா கலக்கும் ஆசாமிக்குத்தான்.

வீட்டிலேயே பிடிக்கலாம். ஒரு ஸ்பூன் பாலில் அரை ஸ்பூன் துவரம்பருப்பு மாவைப் போட்டு நன்றாகக் கலக்கி, அஞ்சு நிமிஷம் கழித்துச் சிவப்பு லிட்மஸ் தாளை அரை நிமிஷம் நனையுங்கள். தாள் நீலமானால் கலப்படம். யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும் அதே யூரியேஸ் என்ற நொதி, பருப்பிலும் இருக்கிறது. சோதனை முடிந்த பாலை மட்டும் ஞாபகமாகக் கொட்டிவிடுங்கள். வீட்டம்மா அதிலேயே காபி போட்டுவிடப் போகிறார்!