பலகைக்கு அடியில் போகும் வெள்ளைச் சுறா

தெற்குக் கலிஃபோர்னியாவின் கார்ப்பின்டேரியா, டாரி பைன்ஸ் கடற்கரைகளில் பலகைமேல் படுத்து அடுத்த அலைக்குக் காத்திருக்கும் பலருக்கு, சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைச் சுறா போவது தெரிவதே இல்லை. லாங் பீச் பல்கலைக்கழகத்தின் சுறா ஆய்வகம் 2019 முதல் இரண்டு ஆண்டுகள், 26 கடற்கரைகளின் மேல் 1,500 தடவைக்கும் அதிகமாக ட்ரோன்களைப் பறக்கவிட்டது. இளஞ்சுறாக்கள் கூடும் இந்த இரு பகுதிகளிலும் கண்காணித்த நாட்களில் 97 சதவீதம், மனிதரும் சுறாவும் ஒரே நீரில் இருந்தனர். அத்தனை நெருக்கத்திலும் கடி என்பது மிக அரிது. சுறா பலகைக்கு அடியிலேயே வந்தாலும், பெரும்பாலும் தன் வழியே போய்விடுகிறது.

காரணம் அதன் வயது. பிறக்கும்போதே ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குட்டியைத் தாய் திரும்பிப் பார்ப்பதில்லை. சிறிய உடல் குளிர்ந்த நீரில் சீக்கிரம் சூட்டை இழந்துவிடும். ஆழத்தில் பெரிய சுறாக்களுக்கு இரையாகும் அபாயமும் உண்டு. அதனால் அது கரையோர வெதுவெதுப்பை நாடி வருகிறது. மணலில் படுத்திருக்கும் திருக்கைதான் அங்கே அதன் இரை. குட்டியின் பற்கள் ஒல்லியானவை, வழுக்கும் மீனைக் கவ்விப் பிடிக்க ஏற்றவை. உடல் ஏறத்தாழ மூன்று மீட்டரை எட்டும்போது பற்கள் அகன்று, ரம்பம் போன்ற விளிம்புடன் வளர்கின்றன. அப்போதுதான் கடல்நாய்களும் கடற்சிங்கங்களும் உணவுப் பட்டியலில் சேர்கின்றன.

மனிதருக்கு உண்மையான ஆபத்து இப்படி வளரத் தொடங்கிய சுறாவிடம்தான். ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடல்நாய், கடற்சிங்கம், நீந்தும் மனிதர், அலைச்சறுக்குப் பலகை ஆகியவற்றை நீருக்கு அடியிலிருந்து படமெடுத்து, அவற்றைச் சுறாவின் பார்வைத் திறனுக்கு ஏற்ப மாற்றிப் பார்த்தனர். சுறாவுக்கு நிறம் தெரியாது, நுணுக்கமும் புலப்படாது. ஆகவே இளம் வெள்ளைச் சுறாவின் கண்ணுக்கு, வானொளிக்கு எதிரே தெரியும் இந்த நிழலுருவங்களைப் பிரித்தறிவது கடினம் என்று 2021-இல் எழுதினர். எல்லாக் கடிக்கும் இதுவே விளக்கம் என்று எல்லோரும் ஏற்கவில்லை. புதிய பொருளைச் சுறா வாயால் சோதிக்கிறது என்போரும் உண்டு. ஆனால் அதே குழு பின்னர் தென்னாப்பிரிக்காவின் மோசல் விரிகுடாவில் கடல்நாய் வடிவப் பொம்மைகளின் அடியில் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தி இழுத்தபோது, வெள்ளைச் சுறாக்களின் தாக்குதல் வெகுவாகக் குறைந்தது. நிழல் கலைந்தால் இரையும் மறைகிறது. எனக்கு இது வலுவான சான்றாகவே படுகிறது.

ஈட்டியால் மீன் குத்தும் முக்குளிப்போரின் நிலைமை வேறு. அங்கே ரத்த வாசனையும் துடிக்கும் மீனும் சுறாவை அழைக்கின்றன. 1963 டிசம்பரில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்டிங்கா கடற்கரையில் நடந்த ஈட்டி மீன்பிடிப் போட்டியில்தான் ராட்னி ஃபாக்ஸ் என்ற முக்குளிப்பாளர் வெள்ளைச் சுறாவிடம் கடிபட்டார். 462 தையல்கள். பிழைத்தவர் பகையோடு நின்றுவிடவில்லை. சுறாவை அருகிலிருந்து பார்க்க இரும்புக் கூண்டு செய்தார், பின்னர் பல ஆண்டுகள் அதன் பாதுகாப்புக்காகப் பேசினார்.

அரசுகளுக்கு அந்தப் பொறுமை எப்போதும் இருப்பதில்லை. தொடர் மரணங்களுக்குப் பிறகு மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2014-இல் கடலோரம் பெருந்தூண்டில்களைப் போட்டது. சிக்கியவை 172 சுறாக்கள், பெரும்பாலும் புலிச்சுறாக்கள். அவற்றில் ஒன்றுகூட வெள்ளைச் சுறா இல்லை. சில மாதங்களில் திட்டத்தைக் கைவிட்டார்கள். பெண் வெள்ளைச் சுறா குட்டி போடும் பருவத்தை எட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம் என்கிறது ஒரு மதிப்பீடு. அப்படிப்பட்ட உயிரைக் கொன்று குறைத்தால், திரும்பப் பெருக ஒரு தலைமுறை போதாது. கலிஃபோர்னியாவில் இன்று குட்டிகள் நிறையத் தெரிவது, கரையோரச் செவுள்வலைகளை விலக்கி, 1994-இல் இந்த இனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு தந்ததன் பலன்.

கொல்லாமல் காக்கவும் வழி உண்டு. கேப் டவுனின் மியூசன்பெர்க்கில் 2004 முதல் மலைச்சரிவில் ஆள் அமர்ந்து கடலைக் கவனிக்கிறார். சுறா தெரிந்தால் சைரன் ஒலிக்கும், சுறா வரைந்த வெள்ளைக் கொடி ஏறும், நீரில் இருப்பவர்கள் கரையேறுவார்கள். தூண்டிலுக்குப் பணம் ஒதுக்கும் அரசுகள் அதை இப்படிப்பட்ட காவலுக்கும் ட்ரோனுக்கும் ஒதுக்கட்டும். கடலில் இறங்குகிறவர்களும் கலங்கிய நீரையும், கடல்நாய்க் கூட்டம் இருக்கும் இடத்தையும், விடியலையும் அந்தியையும் தவிர்த்துக்கொள்ளட்டும்.