ஹானிங்டன் கையெழுத்தும் பஞ்சமி நிலமும்

தேனி மாவட்டத்தில் பென்னிகுக்கை அறியாதவர் இல்லை. ஆனால் அவர் கட்டிய அணைக்குச் சட்ட அடித்தளமிட்ட ஜான் சைல்ட் ஹானிங்டனை அறிந்தோர் மிகச் சிலரே. மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரியான அவர், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் அரசின் தூதராக இருந்தவர். 1886 அக்டோபர் 29 அன்று முல்லைப் பெரியாறு குத்தகைப் பத்திரத்தில் திருவிதாங்கூர் சார்பில் திவான் ராமையங்காரும், பிரிட்டிஷ் இந்தியா சார்பில் ஹானிங்டனும் கையொப்பமிட்டனர். 8,000 ஏக்கர், 999 ஆண்டுகள், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை என்பன அதன் நிபந்தனைகள்.

1895இல் அணை நிறைவுற்றது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களுக்குத் தண்ணீர் வந்தது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. ஆனால் நிலம் வைத்திருப்பவருக்கே பாசனம் சொத்து. நாற்று நட்டும் கதிர் அறுத்தும் அந்த வயல்களில் உழைத்த தலித் மக்களுக்கு அது கூலி மட்டுமே.

அதே காலத்தில் இன்னொரு ஆவணமும் பிறந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, மாகாண அரசு 1892இல் பஞ்சமி நில ஆணையைப் பிறப்பித்தது. ஒப்படைக்கப்பட்ட நிலத்தை முதல் 10 ஆண்டுகள் விற்கக் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை.

இரண்டும் காலனிய ஆவணங்களே. 1886 பத்திரம் செல்லும் என 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. நாம் அதை வரவேற்கிறோம். தண்ணீர் உரிமை நமக்கும் உரியது. ஆறு ஆண்டுகள் பின்னால் வந்த 1892 ஆணையையும் அதே உறுதியுடன் அரசு காக்க வேண்டும் என்பதே நமது கேள்வியின் சாரம். நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறிய பின்னும், நிலங்கள் பிறர் கையில் இருக்கின்றன.

உங்கள் ஊரில் ‘டி.சி. நிலம்’ என்று பெரியவர்கள் சுட்டும் சர்வே எண்கள் இருந்தால், பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் இன்றைய ‘அ’ பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்று ஒப்பிடுங்கள். வழக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.