குடும்ப முதலும் குடியுரிமையும்: இலங்கைச் சீனர் வணிகம் பற்றிய ஒரு குறிப்பு

ஏறாவூர்க் கடைத்தெருவில் ஒரு புடைவைக் கடை மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருப்பின், அக்குடும்பத்தின் சிக்கனத்தையும் ஒற்றுமையையுமே காரணமாகக் கூறுவோம். கடல் கடந்து வாழும் சீனரின் குடும்ப வணிகம் பற்றிய ஆய்வுகளில் இவ்வழக்கமே கோட்பாடாக உயர்த்தப்பட்டுள்ளது. கன்பூசிய அறமும் உறவினரிடை நம்பிக்கையுமே அவ்வணிகம் நிலைபெற்றமைக்குக் காரணம் என்பர். ஆனால் 1915இல் மாக்ஸ் வெபர், அதே அறத்தைச் சீனத்தில் நவீன முதலாளித்துவம் தோன்றாமைக்கான காரணங்களுள் ஒன்றெனக் கண்டார். கிழக்காசியப் பொருளாதாரங்கள் வளர்ந்தபின், 1980களில், அதுவே வளர்ச்சியின் ஊற்றாகக் கூறப்பட்டது. இத்தகைய விளக்கத்தை நாம் ஐயத்துடனேயே நோக்க வேண்டியுள்ளது.

எமது நாட்டுச் சீனரையே எடுத்துக்கொள்வோம். பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் ஷாண்டொங், ஹூபேய் மாகாணங்களிலிருந்து சிறு தொகையினர் வந்தனர். சிலர் புடைவை மூட்டையைச் சைக்கிளிற் கட்டி ஊரூராக விற்றனர். சிலர் பொய்ப்பல் கட்டும் நிலையங்களை நடத்தினர். பின்னாளில் உணவகங்கள் தோன்றின. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வம்சாவழியை அடிப்படையாகக் கொண்டமையால் இவர்களுட் பலர் நாடற்றோராயினர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளருக்கே விண்ணப்பிக்கும் வழியைத் திறந்தது. அதிற் சீனருக்கு இடமிருக்கவில்லை. அரச உத்தியோகம் எட்டாததாயிற்று. 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டமோ, குடியுரிமையற்றோருக்குக் கைமாறும் ஆதனங்களுக்கு 100 வீத வரி விதித்தது. எஞ்சியவை வாடகைக் கடையும் கைத்திறனுமே. மகன் தந்தையின் தொழிலைப் பயின்றது பணிவினால் மட்டும் அன்று. இவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் தனிச்சட்டம் 2008இலேயே (38ஆம் இலக்கம்) நிறைவேறியது.

சீன மரபில் தந்தையின் சொத்து ஆண்மக்களிடையே சமமாகப் பிரியும். கடையொன்று சிதையாதிருக்க இவ்வழக்கு உதவுவதில்லை. ஆனால் பொய்ப்பல் கட்டும் திறன் பங்கிடுவதாற் குறைவதில்லை. ஒரு நிலையத்திற் பயின்றவன் வேறு நகரில் இன்னொன்றைத் திறக்கலாம். நிலைத்தது கடை என்பதிலும் தொழில் என்பதே பொருந்தும். சிறு வணிகம் எங்கும் போலவே இங்கும், மனைவி மக்களின் உழைப்புக்குக் கூலி கணக்கிடப்படுவதில்லை. ‘குடும்ப ஒற்றுமை’ என்ற சொல் இவ்வுழைப்பை மறைத்துவிடுகிறது.

இனி ஏறாவூருக்குத் திரும்புவோம். மட்டக்களப்புப் பிரதேசத்தின் முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் தாய்வழிக் குடிமரபு வேரூன்றியது. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்கிறது. மருமகன் அங்கு வந்து சேர்கிறான். எனவே கடையிற் கிடைக்கும் மிகை மீண்டும் கடைக்கே முதலாவதில்லை. அதிற் கணிசமான பகுதி கல்லும் சீமெந்துமாக மாறிப் பெண்ணின் பெயருக்குப் போகிறது. தந்தையோடு தமையன்மாரும் இதற்காக உழைக்கின்றனர். அண்மைத் தசாப்தங்களில், மத்திய கிழக்கில் பணிப்பெண்களாக உழைத்துத் தம் சீதன வீட்டைத் தாமே கட்டிய பெண்களும் உளர். வணிக முதலின் பெருக்கத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்வோர் இதனைப் பின்னடைவு என்பர். எனக்கு அது உடன்பாடன்று. கணவன் இறந்தாலும் பிரிந்தாலும் அப்பெண் தெருவுக்கு வரவேண்டியதில்லை.

1990 ஆகஸ்டில் ஏறாவூரில் விடுதலைப் புலிகள் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றனர். குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். தலைமுறைத் தொடர்ச்சி அறுந்த அக்குடும்பங்களிற் சிக்கனமோ ஒற்றுமையோ குறைவாயிருந்தது என எவரும் கூறார்.