பால்மரப் பட்டையில் ஒரு பாடம்

குளுவாங் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியொன்றில் நாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சார், மேலாகச் சீவினால் பால் வருவதில்லை. கொஞ்சம் உள்ளே போனால் வருகிறது. இன்னும் உள்ளே போனால் அம்மாவுக்கு ஏச்சு விழுகிறது. ஒரே பட்டைதானே, ஏன் இப்படி?”

நல்ல கேள்வி. விடையை உயிரணுக்களிடம் தேடுவோம்.

மரமாயினும் மனிதராயினும் உயிர் ஓர் அணுவில் தொடங்குகிறது. அது பிரிந்து பிரிந்து பெருகுகிறது. ஏறக்குறைய எல்லா அணுக்களுக்கும் ஒரே குறிப்புத்தான் கிடைக்கிறது. ஆனால், ஒவ்வோர் அணுவும் தன் வேலைக்கு வேண்டிய பகுதியை மட்டும் பயன்படுத்துகிறது. அதற்கேற்ப அதன் உருவமும் மாறுகிறது.

பட்டையின் மேற்புறத்தில் இருப்பவை இறந்துபோன தக்கை அணுக்கள். நீர் வற்றாமல் காப்பது அவற்றின் தொழில். அங்கே பால் இல்லை. உட்பட்டையில்தான் பால் குழாய்கள் மிகுதி. வரிசையாக நின்ற அணுக்களின் இடைச்சுவர்கள் கரைந்து அவை குழாயாகின்றன. இக்குழாய்கள் மேலே செல்லச் செல்லச் சற்று வலப்புறம் சாய்கின்றன. ஆகவேதான் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக வெட்டுகிறோம். அப்போது அதிகக் குழாய்கள் திறக்கும். விடியலில் குழாய்களில் நீரழுத்தம் மிகுதி. வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் தணியும், பாலும் குறையும்.

உட்பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே கேம்பியம் என்னும் மெல்லிய படலம் உண்டு. இன்ன வேலை என்று இன்னும் முடிவாகாத அணுக்கள் அவை. உட்புறம் மரத்தையும் வெளிப்புறம் புதுப்பட்டையையும் உண்டாக்குபவை அவையே. உளி அதில் பட்டால் மரம் காயப்படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அங்கே வெட்ட இயலாது. ஏச்சுக்குக் காரணம் இதுவே.

நம் உடலிலும் இவ்வாறே. மேல்தோலின் இறந்த அணுக்கள் தக்கைபோல் காக்கின்றன. சிவப்பணு தன் உட்கருவையே துறந்து, பிராணவாயுவைச் சுமந்து, சுமார் 120 நாள் வாழ்கிறது. புதியவற்றை எலும்பு மச்சை ஆக்கித் தருகிறது.

கேம்பியத்துக்கு மேலே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்ட வேண்டும். அதை அளக்கக் கருவி ஏதும் இல்லாமல், இருட்டில், நெற்றி விளக்கொளியில், மரத்துக்கு மரம் செய்து முடித்த கை அந்தத் தாயின் கை. இன்று பல தோட்டங்களில் செம்பனை நிற்கிறது. ஆயினும், பிள்ளைகளே, வீட்டில் பால் வெட்டிய பெரியவர் இருந்தால், “எவ்வளவு ஆழம் வெட்டுவீர்கள்?” என்று கேளுங்கள். நாம் நூலில் படித்ததை அவர் விரலில் வைத்திருப்பார்.